துலிசான்: காலனியப் பிலிப்பைன்ஸில் கொள்ளையும் அரசும்

1902 நவம்பர் 12 அன்று மணிலாவில் அமெரிக்கரின் பிலிப்பைன்ஸ் ஆணையம் 518ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. பாந்தொலெரிஸ்மோ சட்டம் என்று வழக்கில் பெயர் பெற்ற அது சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, எருமையையோ வேறு உடைமையையோ பலவந்தமாகப் பறிக்கும் நோக்கத்தோடு, ஆயுதமேந்தி நெடுஞ்சாலையில் இறங்கினாலும் நாட்டுப்புறத்தில் திரிந்தாலும் அவர்கள் வழிப்பறிக் கொள்ளையர்கள். தண்டனை மரணம், நீதிபதி இரக்கம் காட்டினால் குறைந்தது 20 ஆண்டுச் சிறை. இதுவரை வியக்க ஒன்றுமில்லை. அடுத்த பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கும்பல் ஒரே ஒரு கொள்ளையாவது அடித்ததா என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை; பிடிபட்டவர் அப்படிப்பட்ட ஆயுதக் கும்பலில் ஒருவர் என்று சாட்சியங்களிலிருந்து ஐயமறத் தெரிந்தால் போதும். திருடாத திருடனுக்கும் தூக்கு உண்டு என்று இதற்குப் பொருள். கும்பலுக்குத் துப்புச் சொன்னவருக்கும் சோறு கொடுத்தவருக்கும் 10 முதல் 20 ஆண்டுகள்.

இந்த வழிப்பறிக்காரர்களைத் தகாலோக் மொழியில் துலிசான் என்பார்கள். ஸ்பானிய அதிகாரிகள் லத்ரோன் என்றும் எழுதினார்கள்; பின்னால் வந்த அமெரிக்கர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இவர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். காலனி அதிகாரிகளின் அறிக்கைகளில் இவர்கள் சோம்பலும் சூதாட்டமும் பெற்றெடுத்த திருடர்கள். பிற்காலத் தேசிய வரலாற்றில் இவர்களே நாட்டின் முதல் கெரில்லாக்கள். 1969இல் எரிக் ஹாப்ஸ்பாம் எழுதிய 'கொள்ளையர்கள்' நூல், ஏழைகள் தம்மவனாகக் கொண்டாடும் 'சமூகக் கொள்ளையன்' என்ற வகையை உலகெங்கும் தேட வைத்தது. மூன்றே ஆண்டுகளில் ஆன்டன் பிளாக், கொள்ளையன் நிலைத்திருப்பது பெரிய மனிதர்களின் நிழலில்தான், ஏழைகளின் அன்பில் அல்ல என்று மறுத்தார். பிலிப்பைன்ஸ் சான்றுகளைப் பார்த்தால் பிளாக்கின் பக்கமே கனம் அதிகம். ஆனால் அவரும் ஒன்றை முழுதாகச் சொல்லவில்லை. பெரிய மனிதர்களுக்கு மட்டுமல்ல, அரசுக்கும் கொள்ளையன் வேண்டியிருந்தான். ஒருவன் குத்தகைதாரனா, கொள்ளையனா, காவலனா, கிளர்ச்சிக்காரனா என்பதை அவன் செய்த காரியத்தைக் காட்டிலும் அந்தந்த ஆண்டில் அரசாங்கத்துக்கு இருந்த தேவையே தீர்மானித்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அதற்கு லூசோன் தீவில் மணிலாவுக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் கவீத்தே மாகாணத்தைவிட நல்ல உரைகல் கிடையாது. 'கொள்ளையரின் தாய்' என்று ஸ்பானியரே அதற்குப் பட்டம் கட்டியிருந்தார்கள்.

கவீத்தேயின் கதை நிலத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே விளைந்த நல்ல நிலத்தில் பெரும்பகுதி துறவுச் சபைகளின் கையில் இருந்தது. இமுஸ் பண்ணை ரெக்கலெக்ட் சபைக்கு, சான் ஃபிரான்சிஸ்கோ தெ மலபோன் அகஸ்தினியருக்கு, நாயிக் தொமினிக்கருக்கு. சபையிடமிருந்து நேரே குத்தகை எடுத்தவர் இன்கிலீனோ. அவருக்குக் கீழே வாரத்துக்கு உழுதவர் கசமா. குத்தகைத் தொகையை உயர்த்துவதும் குத்தகைதாரரை மாற்றுவதும் பண்ணை நிர்வாகியின் விருப்பம். எது பண்ணை நிலம், எது ஊர்ப் பொது நிலம் என்ற எல்லையே தகராறில் கிடந்தது. 1745இல் கவீத்தே, பதங்காஸ், லகூனா, புலக்கான் ஊர்களில் எழுந்த கலகங்கள் இந்த எல்லைத் தகராறில் பிறந்தவைதான். 1834இல் மணிலா உலக வணிகத்துக்கு முறையாகத் திறக்கப்பட்டது. சர்க்கரைக்கும் அரிசிக்கும் விலை கூடியது. விலையோடு குத்தகையும் கூடியது. நிலத்தை இழந்தவனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: பக்கத்து ஊரில் கசமாவாகச் சேர்வது, அல்லது மலையேறுவது. மணிலாவுக்குப் போகும் சாலையும், ஏறி ஒளிந்துகொள்ளத் தெற்கே மலைக்காடும் ஒரே மாகாணத்தில் அமைந்துவிட்டன. வழிப்பறிக்கு இதைவிடத் தோதான பூகோளம் வேண்டுமா?

லூயிஸ் பராங் இந்த மண்ணில் முளைத்தவர். இமுஸ் பண்ணையோடு ஏற்பட்ட நிலத் தகராறில் 1820களின் தொடக்கத்தில் ஆட்களோடு மலையேறினார்; சில ஆண்டுகள் கவீத்தேயைக் கலக்கினார்; 1828இல் ஆளுநர் மரியானோ ரிக்காஃபோர்த் மன்னிப்பு வழங்கியதும் இறங்கி வந்தார். அதே இமுஸ் வட்டாரத்தில், அதே பண்ணைச் சண்டையில், ஒரு தலைமுறை கழித்துக் கிளம்பியவர் கசிமீரோ கமெரினோ. 'எல் துலிசான்' என்பது அவருக்கு அடைமொழியாகவே நிலைத்தது. 1868இல் ஸ்பெயினில் ராணியை விரட்டிய புரட்சிக்குப் பின் தாராளவாதியான கார்லோஸ் மரியா தெ லா தொரே ஆளுநராக வந்தார். அவர் 1869இல் கமெரினோவை மன்னித்தார். மன்னித்ததோடு விடவில்லை, தம் பெயரிலேயே ஒரு காவல் குழுவை அமைத்து அதற்குக் கமெரினோவைத் தலைவராக்கினார். குழுவின் வேலை, மிச்சமிருந்த கொள்ளையரைப் பிடிப்பது. இரண்டே ஆண்டுகளில் ஆளுநர் மாறினார். புதிதாக வந்த ரஃபயேல் இஸ்கியெர்தோ சிலுவையும் வாளுமாக ஆளப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர். 1872 ஜனவரியில் கவீத்தே ஆயுதக் கிடங்கில் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அதில் தொடர்பு என்று சொல்லிக் கமெரினோவைக் கழுத்து நெரிக்கும் கருவியில் ஏற்றிக் கொன்றார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அந்த மனிதர் கொள்ளைத் தலைவர், அரசின் காவல் தலைவர், அரசத் துரோகி என்று மூன்று நிலைகளில் இருந்துவிட்டார். அவருக்கு ஊர் மாறவில்லை, பகை மாறவில்லை. மாறியது ஆளுநர் மாளிகையில் இருந்தவர்.

கமெரினோ போன்ற பெயர் பெற்ற தலைவர்களை வைத்து ஒரு காலத்தையே எடை போடக் கூடாது என்பது நியாயமான ஆட்சேபம். பெரும்பாலான கொள்ளைக்கு அடைமொழியும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. அது எருமைத் திருட்டு. காரபாவ் என்னும் உழவெருமை இல்லாத குடியானவன் அங்கே குடியானவனே அல்ல. சேற்று வயலை உழ அதுதான், நெல்லையும் கரும்பையும் இழுக்க அதுதான். வீட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருள், தன் காலாலேயே நடந்து போகக்கூடிய பொருள்! ஆனால் திருட்டு எருமையை விற்பது எளிதல்ல. பெரிய கால்நடைக்குச் சூட்டுக்குறியும் உரிமைச் சீட்டும் உண்டு. கைமாறினால் ஊர் அதிகாரியிடம் பதிய வேண்டும். சீட்டில்லாத எருமை கசாப்புக்குத்தான் ஆகும். ஆகவே திருடனுக்கு மலையில் ஒரு மறைவிடமும் ஊரில் ஒரு கையெழுத்தும் வேண்டியிருந்தன. மறைவிடம் இயற்கை தந்தது; கையெழுத்தை ஊர்ப் பெரிய மனிதர் தந்தார். இன்னொரு வழியும் இருந்தது. களவு போன எருமையை அதன் சொந்தக்காரனுக்கே, ஒரு நடுவர் மூலம், விலைக்குத் திருப்பிக் கொடுப்பது. நம் பக்கத்தில் துப்புக்கூலி என்று சொல்லப்பட்ட அதே ஏற்பாடு. அந்த நடுவர் பெரும்பாலும் ஊரில் மதிப்புள்ளவர். மதிப்பில்லாதவரை நம்பி எவன் பணம் கொடுப்பான்? இப்படிப் பார்த்தால் மாட்டுப் பதிவேடு களவைத் தடுத்தது என்பதைவிட, களவில் பங்கு பெறும் இடத்தை ஊராளும் குடும்பங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்கர் வந்து 1904இல் 1147ஆம் எண் சட்டத்தின் மூலம் கால்நடைப் பதிவை மேலும் இறுக்கினார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பழைய குடும்பத்தாரே.

காவலும் இதே கணக்குத்தான். ஊர்களில் குவத்ரியேரோ எனப்பட்ட கிராமக் காவலர்கள் அரிவாளும் பழைய துப்பாக்கியுமாக இருந்தார்கள். 1868இல் குவார்தியா சிவில் என்ற ராணுவ ஒழுங்குள்ள காவல்படை வந்தது. கொள்ளையை ஒழிக்க வந்த படை, எல்லாரிடமும் சீட்டுக் கேட்டது. குறிப்பாக 1884இல் பழைய தலைக்கப்பத்துக்குப் பதில் செதுலா என்ற அடையாள வரிச் சீட்டு வந்தபின், வயலுக்குப் போகும் வழியில் அதை வீட்டில் மறந்து வைத்தவன்கூட அலைந்து திரிபவன் ஆனான். கைது, அடி, வேலைநாள் இழப்பு, விடுதலைக்கு ஒரு காணிக்கை. வரி கட்ட முடியாதவன் ஊருக்குள் நடமாடவே முடியாது. ஊருக்குள் நடமாட முடியாதவன் எங்கே போவான் என்பது படைத் தலைவர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மி தாங்கரே' நாவலில் எலியாஸ் என்ற பாத்திரம் இதைத்தான் வாதிடுகிறான்: படை கொள்ளையரை ஒழிக்கவில்லை, உண்டாக்குகிறது என்று. நாவலின் நாயகன் இபார்ரா, படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை, அது தவிர்க்க முடியாத தீமை என்று பதில் சொல்கிறான். ரிசால் அந்த இடத்தில் யார் பக்கமும் உடனே சாய்ந்துவிடவில்லை. அதுவே அந்த அத்தியாயத்தை இன்றும் படிக்க வைக்கிறது.

நாவலைச் சான்றாகக் காட்டலாமா? தனியாகக் காட்டினால் கூடாது. ஆனால் ரிசாலின் இரண்டாம் நாவலான 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' (1891) எழுதி முடிக்கப்பட்டபோது அவருடைய சொந்தக் குடும்பமே கலம்பாவில் தொமினிக்கப் பண்ணையோடு குத்தகை வழக்கில் தோற்று வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தது. அதில் வரும் கபேசாங் தாலெஸின் வாழ்க்கை அந்த வழக்கின் நகல் போலவே நகர்கிறது. காட்டைத் திருத்திக் கழனியாக்குகிறார். விளைந்ததும் சபை வந்து உரிமை கொண்டாடுகிறது. சிறு தொகையில் தொடங்கிய குத்தகை ஆண்டுதோறும் ஏறி 200 பெசோவில் நிற்கிறது. மறுக்கிறார், வழக்காடுகிறார், தோற்கிறார். நடுவில் துலிசான்கள் அவரையே பிடித்துவைத்துப் பணம் கேட்கிறார்கள். கடைசியில் ஒரு கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவரே துலிசான் ஆகி, 'மதாங்லாவின்' என்ற பெயரில் லூசோனைக் கலக்குகிறார். கவனிக்க வேண்டியது இதற்கு அப்பால் உள்ளது. ரிசால் அவரை வீரனாக்கவில்லை. மதாங்லாவினின் ஆட்கள் ஆலையைக் கொளுத்துகிறார்கள், விளைச்சலை நாசம் செய்கிறார்கள். அவர்களைப் பிடிக்க முடியாத காவலர்கள் கிடைத்த குடியானவர்களைக் கட்டி வெயிலில் இழுத்துப் போகிறார்கள். கட்டாயமாகப் படைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தாலெஸின் மகன், பாறைமேல் நின்ற தன் கிழப் பாட்டனை யாரென்று அறியாமல் சுட்டு வீழ்த்துகிறான். கொள்ளையனும் காவலனும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியின் அறிக்கையும் சொல்லவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். ஏடும் சீட்டும்தான் கொள்ளையனை உண்டாக்கின என்றால், எருமையைப் பறிகொடுத்த ஏழையின் அழுகை என்னவாகிறது? அவன் வீட்டில் புகுந்தவன் நிஜமானவன். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. துலிசான்கள் பணக்காரர்களின் வண்டியை மறித்தார்கள். சீன வியாபாரிகளைக் கொள்ளையிட்டார்கள். அதோடு குடிசைக்காரனின் ஒரே எருமையையும் ஓட்டிப் போனார்கள். காட்டிக்கொடுத்தவர்களின் உறுப்புகளை அறுத்ததாகப் பிற்கால வழக்குகளில் சாட்சியங்கள் குவிந்தன. எல்லாச் சாட்சியமும் பொய் என்று தள்ள எந்த நியாயமும் கிடையாது. 1880களின் இறுதியில் தொடங்கிய மாட்டுக் கொள்ளைநோய், 1902 வரையில் நாட்டின் எருமைகளில் பத்துக்கு ஒன்பதைக் கொன்றுவிட்டதாக அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. அதன் மேல் 1896லிருந்து போர், முதலில் ஸ்பானியரோடு, பிறகு அமெரிக்கரோடு. 1902இல் காலரா வந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அமெரிக்கக் காங்கிரசே 1903இல் 30 லட்சம் டாலர் நிவாரணம் ஒதுக்கி, சீனாவிலிருந்து எருமை வாங்க வேண்டியிருந்தது. எஞ்சிய ஒரு எருமையின் விலை எங்கே போயிருக்கும், அதைக் களவாட எத்தனை பேர் துணிந்திருப்பார்கள் என்று யோசித்தால், சட்டத்தின் முதல் வரியிலேயே எருமை ஏன் வந்தது என்பது விளங்கும். ஆக, கொள்ளை கற்பனையல்ல. எந்தக் கொள்ளைக்கு யார் தூக்கிலேறுவது, யார் காவல் தலைவர் ஆவது என்ற பிரிவினைதான் அரசின் கைவேலை. கமெரினோ பறித்த எருமைகளும் யாரோ சிலருடையவைதானே? 1869இல் அவர்களுடைய அழுகை யார் காதிலும் விழவில்லை.

இந்தக் கைவேலை பச்சையாகத் தெரிவது அமெரிக்கர் காலத்தில். 1902 ஜூலை 1 அன்று காங்கிரஸ் இயற்றிய பிலிப்பைன்ஸ் அடிப்படைச் சட்டம் ஒரு வாக்குறுதி தந்தது: கலகம் ஓய்ந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகி, அதன்பின் இரண்டு ஆண்டுகள் பொதுவான முழு அமைதி தொடர்ந்தால், பிலிப்பினோக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டசபை கூடும். அமைதி என்பது இதனால் வெறும் நிலவரமாக இல்லாமல் ஒரு சட்ட நிபந்தனை ஆகிவிட்டது. மூன்று நாள் கழித்து ஜூலை 4 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், முஸ்லிம்கள் வாழும் மோரோ பகுதிகள் நீங்கலாகக் கிளர்ச்சி முடிந்ததென்று அறிவித்துப் பொதுமன்னிப்பும் கொடுத்தார். கிளர்ச்சி முடிந்துவிட்டதென்று அறிவித்தபின் இன்னும் துப்பாக்கியோடு மலையில் இருப்பவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? நான்கு மாதத்தில் 518ஆம் சட்டம் பதில் தந்தது. விடுதலை கோரிப் பேசுவதையே குற்றமாக்கிய 292ஆம் எண் அரசத் துரோகச் சட்டம் அதற்கு ஓராண்டு முன்பே வந்திருந்தது. 1903 ஜூனில் வந்த 781ஆம் சட்டம், கொள்ளையர் உலவும் இடங்களில் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் வாழும் மக்களை ஊர் மையத்துக்குப் பெயர்த்துக் குவிக்க மாகாண அதிகாரிகளுக்கு வழி திறந்தது. போர்க்காலத்தில் படைத் தளபதிகள் செய்ததை இப்போது சிவில் அரசு, கொள்ளை ஒழிப்பு என்ற தலைப்பில் செய்தது. பயிர் வயலில் கிடந்து அழுக, குடும்பங்கள் ஊர்ச் சதுக்கத்தில் கிடந்தன.

1905 ஜனவரியில் கவீத்தே ஆயுதக் குழுக்களின் தலைவர்களான ஹூலியன் மொந்தலானும் கொர்னேலியோ ஃபெலிசார்தோவும் தம் ஆட்களுக்குக் காவல்படைச் சீருடை மாட்டி சான் ஃபிரான்சிஸ்கோ தெ மலபோன் ஊருக்குள் நுழைந்தார்கள். ஆயுதங்களை அள்ளினார்கள்; மரியானோ த்ரீயாஸின் மனைவியையும் பிள்ளைகளையும் கடத்தினார்கள். த்ரீயாஸ் யார்? 1897 புரட்சி அரசின் துணைத் தலைவர். 1901இல் அமெரிக்கரிடம் சரணடைந்து, கவீத்தேயின் முதல் சிவில் ஆளுநராக அவர்களாலேயே நியமிக்கப்பட்டவர். இந்தக் கடத்தல் நடந்த அதே ஜனவரி 31ஆம் தேதி ஆளுநர் லூக் ரைட், கவீத்தேயிலும் பதங்காஸிலும் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைத்தார். அடிப்படைச் சட்டப்படி அந்த உரிமையைக் கிளர்ச்சியோ கலகமோ படையெடுப்போ நடந்தால் மட்டுமே நிறுத்த முடியும். எனவே ஆணையத்தின் தீர்மானம், ஊராரிடம் கட்டாய வசூல் நடத்தும் லத்ரோன்கள் அரசுக்கு எதிராக வெளிப்படையான கலகத்தில் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டது. பார்செலோன் எதிர் பேக்கர் வழக்கில் மணிலா உச்ச நீதிமன்றம், கலகம் இருக்கிறதா என்பதை நிர்வாகமே தீர்மானிக்கலாம் என்று அதற்கு முத்திரை குத்தியது. ஆக ஒரே ஆட்கள், வீட்டுக்குள் புகுந்து பிடிப்பதற்குக் கலகக்காரர்கள். நீதிமன்றத்தில் நிறுத்தியதும் வழிப்பறிக்காரர்கள். கலகக்காரன் என்றால் போர்க்கைதி என்ற உரிமைப் பேச்சு எழும். வழிப்பறிக்காரனுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

வேடிக்கை இதோடு முடியவில்லை. கணக்கெடுப்பு அறிக்கை வெளியானது 1905 மார்ச் 27இல், அதாவது ஆட்கொணர்வு உரிமை நிறுத்தப்பட்டு இரண்டு மாதங்கூட முடியாதபோது. அன்றிலிருந்து இரண்டு ஆண்டு 'முழு அமைதி' கணக்கிடப்பட்டது. 1907 மார்ச் 28 அன்று ஆணையம், அமைதி நிலவியதென்று அதிபருக்குச் சான்றளித்தது. கவீத்தே மலைகளில் 1906 நடுப்பகுதி வரை ஆயுதக் குழுக்கள் இருந்தன; சாமர், லெய்த்தே தீவுகளில் புலாஹான் எனப்பட்ட சமயக் கிளர்ச்சியாளர்களோடு காவல்படையும் ராணுவமும் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. இவையெல்லாம் கொள்ளைச் சம்பவங்கள் என்ற வரியில் எழுதப்பட்டதால்தான் அந்தச் சான்றிதழ் சாத்தியமாயிற்று. சட்டசபை வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆணையம் சற்றுக் கண்ணை மூடிக்கொண்டது, அதில் தவறென்ன என்று கேட்கலாம். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அந்த நல்ல நோக்கத்துக்கான விலையைக் கட்டியவர்கள் பிலிபிட் சிறையில் இருந்தார்கள்.

அவர்களில் முதல்வர் மகாரியோ சாகாய். மணிலாவின் தோந்தோ பகுதிக்காரர். முடிதிருத்துபவராகவும் தையல்காரராகவும் இருந்தவர், நாட்டுக்கூத்து மேடையில் நடித்தவர். ஸ்பானியரை எதிர்த்த கதிப்புனான் இயக்கத்தில் தொடக்கத்திலேயே சேர்ந்தவர். 1902 பொதுமன்னிப்பில் சிறையிலிருந்து வெளிவந்து, மலைக்குத் திரும்பித் தகாலோக் குடியரசு என்ற பெயரில் அரசு நடத்தினார். அவரும் அவருடைய தளபதிகளும் தோள்வரை முடி வளர்த்திருந்தார்கள். சாகாயின் மேற்சட்டையில் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட மந்திர எழுத்துகளும் சமயச் சின்னங்களும் நிறைந்திருந்தன. அமெரிக்கக் கண்ணுக்கு இது காட்டுமிராண்டி வேடம். ரெய்னால்டோ இலேத்தோ 1979இல் எழுதிய 'பாசியோனும் புரட்சியும்' நூல் வந்தபிறகுதான், கிறிஸ்துவின் பாடுகளைப் பாடும் கிராமத்துப் பாடல் மரபின் வழியாகவே அந்த மக்கள் விடுதலையை விளங்கிக்கொண்டார்கள் என்பது படித்தவர்களுக்கு உறைத்தது. சாகாயின் ஆட்கள் ஊர்களில் வசூலித்தது வரியா, மாமூலா? வாங்கியவர்கள் வரி என்றார்கள், அரசு மாமூல் என்றது. கொடுத்த குடியானவன் இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தான். அவன் என்ன பெயர் வைத்திருந்தான் என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

1906இல் ஆளுநர் ஹென்றி ஐடின் ஒப்புதலோடு தொழிற்சங்கத் தலைவர் தொமினதோர் கோமெஸ் மலையேறிச் சாகாயைச் சந்தித்தார். நீங்கள் மலையில் இருக்கும்வரை சட்டசபை வராது என்பதுதான் அவர் வைத்த வாதம். அந்த வாதமே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறது: வெறும் வழிப்பறிக்காரன் ஒருவனால் ஒரு நாட்டின் சட்டசபையைத் தடுத்துவைக்க முடியுமா? ஜூலை 14இல் சாகாய் மணிலாவுக்கு இறங்கி வந்தபோது மக்கள் கூடி வரவேற்றார்கள். மூன்றாம் நாள், காவல்படைத் தளபதி ஹாரி பாண்ட்ஹோல்ட்ஸின் ஏற்பாட்டில், கவீத்தேயில் ஒரு நடன விருந்துக்கு அழைத்து அங்கேயே வளைத்துப் பிடித்தார்கள். வழக்கு, 518ஆம் சட்டத்தின் கீழ். 1907 செப்டம்பர் 13 அன்று சாகாயும் அவருடைய படைத் தலைவர்களில் ஒருவரான லூசியோ தெ வேகாவும் பிலிபிட் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜூலையில் தேர்தல் முடிந்திருந்தது. அக்டோபர் 16இல் சட்டசபை கூடியது. கமெரினோவுக்கு மன்னிப்பு முதலில், மரண தண்டனை பிறகு. சாகாய்க்கும் அதே வரிசைதான். முப்பத்தைந்து ஆண்டுகளில் கொடி மாறியிருந்தது, முறை மாறவில்லை.

சாகாயை மீட்டெடுக்கும் வேலை பின்னாளில் நடந்தது. 1939இல் லம்பெர்தோ அவெல்லானாவும் 1993இல் ரேமண்ட் ரெட்டும் அவரைப் பற்றிப் படம் எடுத்தார்கள். தோந்தோவில் சிலையும் நிற்கிறது. அது நியாயமே. ஆனால் இந்த மீட்பு ஒரு புதுத் தவறுக்கும் இடம் கொடுத்துவிட்டது. 518ஆம் சட்டம் எல்லாரையும் கொள்ளையர் என்று ஒரே மூட்டையில் கட்டியது. தேசிய நினைவு சில சமயம் அதே மூட்டையை அப்படியே எடுத்து வீரர்கள் என்று சீட்டு ஒட்டுகிறது. நெக்ரோஸ் தீவின் சர்க்கரைப் பண்ணைகளை எதிர்த்த பாப்பா இசியோவின் இயக்கம் வேறு, 1912இல் தூக்கிலேறிய ஃபெலிப்பே சல்வதோரின் சாந்தா இக்லேசியா வேறு, அபாக்கா நார் வியாபாரிகளிடம் ஏமாந்த சாமர் மலைவாசிகளின் கோபம் வேறு, எருமையை ஓட்டிக்கொண்டு போய்ச் சொந்தக்காரனிடமே விற்றவனின் பிழைப்பு வேறு. இவர்களைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை காலனி நீதிமன்றத்துக்கு இல்லை. வரலாறு எழுதுபவருக்கு இருந்தே தீர வேண்டும். அதற்கு ஒரே வழி, மலையேறியவன் யார் என்று கேட்பதோடு, அவன் இறங்கி வந்தபோது யார் பேரம் பேசினார்கள், அவனுடைய எருமைச் சீட்டில் யார் கையெழுத்திட்டார்கள், அவனை மன்னித்த ஆண்டில் அரசுக்கு என்ன அவசரம் இருந்தது என்றும் கேட்பது.

இந்தக் கதை தொடங்கிய துறவுச் சபைகளின் பண்ணைகளை அமெரிக்க அரசு 1903 டிசம்பரில் ஏறத்தாழ 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. சுமார் நான்கு லட்சம் ஏக்கர். உழுதவருக்கே விற்பது திட்டம். ரொக்கமும் எழுத்தறிவும் உள்ளவர்கள் கையில் நல்ல பங்கு போய்ச் சேர்ந்தது. 518ஆம் சட்டம் 1932 ஜனவரி 1இல் அமலுக்கு வந்த திருத்திய தண்டனைத் தொகுப்பில் கரைந்தது. அதன் 306ஆம் பிரிவில் ஆட்கணக்கு மூன்றிலிருந்து மூன்றுக்கு மேல் என்றாயிற்று, மரண தண்டனை போயிற்று, எருமையும் போயிற்று. நெடுஞ்சாலைக் கொள்ளைக்கும் பணம் பறிக்க ஆள் கடத்துவதற்கும் பின்னால், பலவந்தத்தால் அடையக்கூடிய 'வேறு எந்த நோக்கத்துக்காகவும்' என்ற சொற்கள் சேர்ந்தன. பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது 1946இல். அந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.